தும்பைக் கரையில் ஒரு கோயில்

கழக்கூட்டம் என்னும் பெயரைக் கேட்டவுடன், சங்கக் கூட்டங்களிலேயே பாதி ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துப் பழகிய நமக்கு ஒரு புன்முறுவல் தோன்றுவது இயல்பே. கழகம், கூட்டம் ஆகிய இரு சொற்களும் அதில் ஒலிக்கின்றன. திருவனந்தபுரத்திலிருந்து கொல்லத்தை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 14 கிலோமீட்டரில் இவ்வூர் இருக்கிறது. புகைவண்டி நிலையம் ஒன்றும் உண்டு. பழைய மகாதேவர் கோயில் ஒன்றும் உண்டு. 1962இல் தொடங்கப்பெற்ற சைனிக் பள்ளியும், 1990இல் தோன்றிய டெக்னோபார்க் என்னும் கணிப்பொறித் தொழில் வளாகமும் இவ்வூரை நாடெங்கும் அறியச் செய்துள்ளன. நம்மவர் பிள்ளைகள் பலரும் இன்று அங்கே பணி செய்கின்றனர்.

இவ்வூருக்கு ஒரு பழைய புகழும் உண்டு. திருவிதாங்கூர் வரலாற்றில் எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்று பேசப்படும் எண்மருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மன்னர் மார்த்தாண்ட வர்மர் 1729இல் அரியணை ஏறியபின் இப்பிள்ளைமாரின் வலிமையை அடியோடு ஒடுக்கினார். ‘கீழ்ப்படி, இல்லையேல் அழிவாய்’ என்பது அரசியலின் பழைய நீதி. அந்நீதியைக் கழக்கூட்டம் நன்கறியும். ஆயினும் கீழ்ப்படிதல் என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு என்பதை இவ்வூருக்கு மேற்கே, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடற்கரை நமக்குக் கற்பிக்கிறது. அக்கரையின் பெயர் தும்பா.

தும்பையும் காந்தமும்

தும்பைச் செடி அக்கரையில் மிகுதியாக வளர்ந்தமையால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்பர். தும்பை நமக்குப் புதிய பூ அன்று. சிவபெருமானுக்குச் சாத்தும் வெண்ணிறப் பூ அது. பழந்தமிழர் போர்க்களத்தில் நேருக்கு நேர் நின்று பொரும்போது சூடிய பூவும் அதுவே. புறத்திணையுள் ஒன்று அதன் பெயரையே தாங்கி நிற்கிறது. தும்பை சூடியவன் உயிரைப் பொருட்படுத்தாது களம் புகுந்தவன் என்பது கருத்து. உயிரைக் கொடுத்தலுக்கும் இறைவனுக்குப் படைத்தலுக்கும் ஒரே பூ உரியதாயிற்று.

இந்தக் கரைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. புவியின் காந்த நடுக்கோடு இதற்கு மிக அண்மையில் செல்கிறது. அக்கோட்டின் மேல் தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி எப்பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும். அக்கோட்டிற்கு நேர்மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் வலிய மின்னோட்டம் ஒன்று வானில் பாய்கிறது. பலூன்கள் அவ்வுயரத்தை எட்டமாட்டா. செயற்கைக் கோள்களோ அதற்கு மேலே சுற்றுவன. சிறு ராக்கெட்டுகளால் மட்டுமே அதனை ஆராய முடியும். ஆகவே, இந்தியாவில் ராக்கெட் ஏவுதளம் அமைக்க இடம் தேடிய அறிஞர் விக்ரம் சாராபாயின் கண்ணில் தும்பா பட்டது.

அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ என்னும் தம் நூலில், இருப்புப் பாதைக்கும் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 600 ஏக்கர் நிலம் தேவைப்பட்டது என்று கூறுகிறார். அந்நிலம் வெறுமையாகக் கிடக்கவில்லை. மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை கட்டி வாழ்ந்தன. நடுவே மகதலா மரியாள் பெயரால் அமைந்த கத்தோலிக்கக் கோயில் இருந்தது. அப்பகுதியை அடுத்த ஊருக்குப் பள்ளித்துறை என்று பெயர். மலையாளத்தில் பள்ளி என்றால் கிறித்தவக் கோயில். நமக்கோ அது கல்விச்சாலை. பின்னாளில் அவ்விடம் இரண்டு பொருளுக்கும் உரியதாக நேர்ந்தது ஒரு வியப்பே.

ஆயர் கேட்டார்

நிலம் கேட்டுச் சாராபாய் சென்று கண்டவர் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா. அச்சந்திப்பைக் கலாம் தம் உரைகளிலும் எழுத்துக்களிலும் பலமுறை எடுத்துரைத்துள்ளார். சாராபாய் தம் வேண்டுகோளைச் சொன்னபோது ஆயர் உடனே விடை கூறவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு வருமாறு அழைத்தார். அன்று கோயில் நிறைந்த மக்களின் முன்னிலையில் ஆயர் செய்தியை எடுத்துரைத்தார். அறிவியல் உண்மையைத் தேடுகிறது. சமயம் மக்களின் நலத்தை நாடுகிறது. இரண்டும் ஒரே இறைவனின் அருளை வேண்டி நிற்பனவே என்ற கருத்தில் பேசினார். பிறகு, இக்கோயிலையும் என் இல்லத்தையும் உங்கள் வீடுகளையும் இப்பணிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் மக்கள் எழுந்து ‘ஆமென்’ என்றனர்.

‘ஆமென்’ என்பது எபிரெய மொழிச் சொல். ‘அப்படியே ஆகுக’ என்பது அதன் பொருள். சொல்வதற்கு ஒரு நொடி போதும். அதை நிறைவேற்ற எத்தனை நாள் ஆகும் என்பதை வீடு பெயர்ந்தவர்களே அறிவர். வலை உலர்த்திய மணலை விட்டுப் போக வேண்டும். படகு இறக்கிய துறையை விட்டுப் போக வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற தொட்டியையும், மணமாலை சூடிய பீடத்தையும், முன்னோர் முழந்தாளிட்ட தரையையும் விட்டுப் போக வேண்டும். இடம்பெயர்ந்த மக்களுக்குப் பள்ளித்துறையில் புதிய கோயில் எழுந்தது. அதுவும் மகதலா மரியாளின் பெயரையே தாங்கியது.

பழைய கோயில் ஏவுதளத்தின் முதல் அலுவலகமாயிற்று. வழிபாட்டு அறையே தம் முதல் ஆய்வுக்கூடம் என்றும், ஆயரின் அறையே வரைபட அறை என்றும் கலாம் எழுதியுள்ளார். ராக்கெட்டின் உறுப்பு ஒன்றை மிதிவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்லும் படத்தைக் காணாதவர் அரியர். அது பிரஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன் தும்பாவில் எடுத்தது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மாலையில், அமெரிக்கா அளித்த நைக்-அப்பாச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து மேலே எழுந்தது. அது வானில் விடுத்த சோடிய ஆவி அந்திப் பொழுதில் ஒளிர்ந்தது. 1968 பிப்ரவரி 2ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி இந்நிலையத்தை ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணித்தார். சாராபாய் 1971 டிசம்பர் 30இல் கோவளத்தில் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய விண்வெளி மையம் அதன்பின் அங்கே ஓங்கி வளர்ந்தது.

கோயிற் கட்டடம் இடிக்கப்படவில்லை. இன்று அது விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. மையத்தின் விதிகளுக்கு உட்பட்டுப் பார்வையாளர் சென்று காணலாம். உள்ளே ஏவுகலங்களின் மாதிரிகளும் செயற்கைக் கோள்களின் படிமங்களும் உள்ளன. பீடத்தை நோக்கி மக்கள் நின்ற கூடத்தில் இப்பொழுது பள்ளிப் பிள்ளைகள் நின்று வானத்தைப் பற்றிக் கற்கின்றனர்.

பாடு, பலி, தியாகம்

இக்கோயிலைக் காண்போர் உள்ளத்தில் ஒரு வினா எழும். மக்கள் கொடுத்ததற்குத் தியாகம் என்று பெயரா, இழப்பு என்று பெயரா? இரண்டிற்கும் வேறுபாடு யாது? கிறித்தவ சமயம் இவ்வினாவைத் தன் நெஞ்சிலேயே வைத்திருக்கும் சமயம். ஆகவே, அது கூறும் விடையைச் சற்று நின்று கேட்பது தகும்.

நம் தமிழில் இயேசுநாதர் பட்ட துன்பங்களைப் ‘பாடுகள்’ என்கிறோம். உழவன் பாடுபடுகிறான், தாய் பாடுபட்டுப் பிள்ளையை வளர்க்கிறாள் என்றும் சொல்கிறோம். உழைப்பிற்கும் துன்பத்திற்கும் தமிழ் ஒரே சொல்லை ஆளுகிறது. இதில் நுண்ணிய உண்மை ஒன்று இருக்கிறது. வெறுமனே வலிப்பதில் மேன்மை இல்லை. பிறருக்காக ஒன்றை விளைவிக்கும் வலியே பாடு. தியாகம் என்னும் சொல்லும் பழைய வழக்கில் கொடையையே குறித்தது. விக்கிரம சோழனுக்குத் தியாகசமுத்திரம் என்ற பட்டம் உண்டு. கொடைக் கடல் என்பது அதன் பொருள். ஆகவே, பறிக்கப்பட்டது தியாகம் ஆகாது, கொடுத்ததே தியாகம்.

கீழ்ப்படிதலும் அத்தகையதே. நம் வீடுகளில் ‘சொன்னால் கேள்’ என்கிறோம். ‘சொல் கேளாப் பிள்ளை’ என்று கடிந்துகொள்கிறோம். காதால் கேட்பதும் பணிந்து நடப்பதும் தமிழில் ஒரே வினை. இலத்தீன் மொழியிலும் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல், செவிசாய்த்தல் என்னும் பொருளிலிருந்தே பிறந்தது. கேளாத செவியால் கீழ்ப்படிய இயலாது. பேசாத வாயை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவனைக் கீழ்ப்படிந்தவன் என்று கூறவும் இயலாது.

விவிலியத்தில் ஆபிரகாம் தன் ஒரே மகனைப் பலியிட மோரியா மலைக்கு அழைத்துச் சென்ற வரலாறு உண்டு. இறுதியில் மகன் பலியாகவில்லை. தந்தையின் கை தடுக்கப்பட்டது. இறைவன் குருதியை விரும்புபவன் அல்லன் என்பதே அம்மலையின் பாடம் என்று உரைகாரர் பலர் கொண்டனர். பிற்காலத்தில் ஓசேயா என்னும் இறைவாக்கினரும் பலிகளினும் இரக்கமே மேல் என்று முழங்கினார். கெத்சமனித் தோட்டத்து இரவோ இதனினும் ஆழமானது. இயேசுநாதர் அங்கே துன்பத்தைத் தேடிச் செல்லவில்லை. அத்துன்பம் தம்மை விட்டு நீங்க வேண்டும் என்றே முதலில் மன்றாடினார். வியர்வை பெருக, நெஞ்சம் கலங்கக் கேட்டார். கேட்டு முடித்தபின், தம் விருப்பத்தைத் தந்தையின் விருப்பத்திற்கு ஒப்புவித்தார். கிறித்தவர் போற்றும் கீழ்ப்படிதலுக்குள் வினவுதலும் உண்டு, அழுதலும் உண்டு என்பதை அவ்விரவு காட்டுகிறது.

தும்பாக் கோயிலின் பாதுகாவலியான மகதலா மரியாளின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. சிலுவையருகே நின்றவர்களுள் ஒருத்தி அவள். மூன்றாம் நாள் விடியுமுன் கல்லறைக்கு வந்து அழுதவளும் அவள். உயிர்த்தெழுந்த ஆண்டவரை முதலிற் கண்டபோது, தம்மைப் பற்றிக்கொண்டு நில்லாமல் சென்று பிறருக்கு அறிவிக்குமாறு அவளுக்குக் கட்டளை கிடைத்தது என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. அன்புடைய ஒன்றைப் பிடித்த பிடியைத் தளர்த்தி, செய்தியோடு புறப்பட்டவள் அவள். அவள் பெயரால் அமைந்த கோயிலை அவளுடைய மக்களே கைதளர்த்திக் கொடுத்தது பொருத்தமாகத் தோன்றுகிறது.

காற்றாடி மலை

இந்தச் சிந்தனையோடு தெற்கே செல்வோர், நாகர்கோவிலை அடுத்த ஆரல்வாய்மொழியையும் காணல் நன்று. 1956 நவம்பர் 1 வரையில் அதுவும் திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்த நிலமே. அதன்பின் தமிழகத்தோடு இணைந்தது.

கழக்கூட்டத்துப் பிள்ளையை ஒடுக்கிய அதே மார்த்தாண்ட வர்மரின் ஆட்சியில், நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை அரசுப் பணியில் இருந்தார். 1741இல் குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் அதே மன்னரின் படைத்தலைவரான டச்சுக்காரர் படையின் டி லனாய் அவருக்கு நண்பரானார். நீலகண்டர் பொருளிழந்து கலங்கியிருந்தபோது, டி லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழி வந்த செய்தி. குற்றமற்றவன் ஏன் துன்புறுகிறான் என்று இறைவனோடு வழக்காடிய மனிதனின் கதை அது. 1745இல் நீலகண்டர் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறை செய்யப்பட்டார். எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்டார். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியில் காற்றாடி மலைமீது சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் பெற்றது. 2022 மே 15ஆம் நாள் ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். குருவோ துறவியோ அல்லாத ஓர் இந்தியர் அந்நிலை எய்தியது அதுவே முதன்முறை.

இதே ஆண்டுகளில், 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துத் தாம் பத்மநாபதாசர் ஆனதையும் மறத்தல் ஆகாது. மன்னரும் ஒப்படைத்தார், அவர்தம் ஏவலரும் ஒப்படைத்தார். ஒருவர் அரசை வைத்துக்கொண்டு தொண்டர் ஆனார். மற்றவர் உயிரையும் வைத்துக்கொள்ளாமல் தொண்டர் ஆனார். மன்னன் சொல்லை மீறியமையால் தேவசகாயம் கீழ்ப்படியாதவர் எனப்பட்டார். அவர் கேட்ட சொல் வேறொருவருடையது. கீழ்ப்படிதலுக்கும் அச்சத்திற்கும் உள்ள வேறுபாட்டை அறிய விரும்புவோர் அம்மலையில் சிறிது நேரம் அமர்ந்து வரலாம்.

கேட்டுக் கொடுத்தலும் கேளாமற் போதலும்

மீண்டும் கடற்கரைக்கு வருவோம். கொடுத்தவர்களின் புகழைப் பாடுவது எளிது. அப்புகழையே காட்டி அவர்களிடம் மேலும் மேலும் கேட்பதும் எளிது. இங்குதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, பூந்துறை, விழிஞ்ஞம் முதல் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை வரையுள்ள கரைகளிலிருந்து கடலுக்குச் சென்ற பலர் திரும்பவில்லை. அது எவரும் மனமுவந்து அளித்த பலி அன்று. அதைத் தியாகம் என்று கூறி ஆறுதல் சொல்ல முற்படுவோர், அழும் மனைவியரின் வாயை அடைப்பவரே ஆவர். அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம் பெருவெள்ளம் வந்தபோது, அதே கரையோர மக்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர் முதலிய ஊர்களுக்கு விரைந்து, முன்பின் அறியாதவர்களைக் கூரைமேலிருந்து மீட்டனர். அவர்களை எவரும் ஏவவில்லை. தம் பிழைப்பிற்குரிய படகை அறியாத ஊரின் வெள்ளத்தில் இறக்கினார்களே, அதுவே தியாகம்.

2022 ஆகஸ்டில் அம்மக்களே விழிஞ்ஞத் துறைமுகப் பணியை எதிர்த்துத் தம் குருக்களோடு போராட்டத்தில் இறங்கினர். கடல் தம் வீடுகளை அரிக்கிறது என்றும், வீடிழந்த குடும்பங்கள் வலியதுறைப் பண்டசாலையில் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடக்கின்றன என்றும் முறையிட்டனர். துறைமுகப் பணியே கரையரிப்பை மிகுவிக்கிறது என்ற அவர்கள் கூற்றை அரசும் துறைமுகத்தாரும் மறுத்தனர். நவம்பர் இறுதியில் மோதலும் நேர்ந்தது. டிசம்பரில் போராட்டம் முடிவுற்றது. துறைமுகம் 2025 மே 2இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. வழக்கின் இரு பக்கத்தையும் இங்கே தீர்ப்புக் கூறுதல் நம் நோக்கம் அன்று. ‘அன்று கோயிலையே கொடுத்தீர்களே, இன்று ஏன் மறுக்கிறீர்கள்?’ என்று கேட்பது மட்டும் நேர்மை ஆகாது. அன்று ஒருவர் அவர்கள் முன் நின்று கேட்டார். கேட்டவர் தம் வீட்டையும் சேர்த்தே கொடுத்தார். இந்த இரண்டும் இருந்தமையால்தான் அன்று ‘ஆமென்’ என்ற சொல் எழுந்தது. கெத்சமனியில் மன்றாடியவரை வணங்கும் மக்கள் தாமும் மன்றாடுவதில் சமயத்துக்கு மாறானது ஏதும் இல்லை.

நம் இல்லங்களுக்கு

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இக்கதை தொலைவிலுள்ள கதை அன்று. நாமும் வீட்டையும் கோயிலையும் துறையையும் விட்டு வந்தவர்களே. நம்மிற் பலர் பிள்ளைகளின் கல்விக்காகவே வந்தோம். குளிரிலும் வெயிலிலும் இரவுப் பணியிலும் பாடுபட்டோம். அதனை எவரும் மறுக்க இயலாது.

ஆனால் நம் வீடுகளில் ஒரு சொல் அடிக்கடி கேட்கிறது. ‘உனக்காகத்தானே நாங்கள் எல்லாவற்றையும் விட்டு வந்தோம்’ என்பது அச்சொல். மகன் தான் விரும்பும் படிப்பைச் சொல்லும்போதும், மகள் தன் மணத்தைப் பற்றி வாய் திறக்கும்போதும் அச்சொல் வந்து நிற்கிறது. கொடை அப்பொழுதே கடனாக மாறிவிடுகிறது. பிள்ளை வாய்மூடிப் பணியலாம். அதை நாம் கீழ்ப்படிதல் என்று எண்ணி மகிழலாம். கேட்கும் செவி அங்கே எவருக்கும் இல்லை என்பதைப் பின்னரே உணர்வோம். தும்பாவில் கொடுத்தவர்கள், அங்கிருந்து எழுந்த ஒவ்வொரு ராக்கெட்டையும் தம்முடையது என்று கூறிப் பங்கு கேட்கவில்லை. கொடுத்ததைக் கொடுத்ததாகவே விட்டனர். வானத்தில் அது எவ்வழி செல்ல வேண்டுமோ அவ்வழி சென்றது.

பிள்ளைகளும் ஒன்றை நினைத்தல் வேண்டும். கடன் என்று எவரும் கூறாதபோதே நன்றி இனிக்கிறது. அருங்காட்சியகத்தில் நின்று ஏவுகலத்தை வியக்கும் மாணவன், தான் நிற்கும் தரை ஒருகாலத்தில் ஏழை மீனவர் முழந்தாளிட்ட தரை என்பதை அறிந்திருத்தல் நலம். நம் பிள்ளைகளும் தாம் நிற்கும் தரை எவருடைய பாட்டினால் அமைந்தது என்பதைக் கேட்டு அறிதல் நலம்.

அடுத்த விடுமுறைக்குத் தாயகம் செல்லும் அன்பர்கள், திருவனந்தபுரத்தில் பத்மநாபரைத் தரிசித்து, கோவளத்தில் கால் நனைத்து, அதனோடு திரும்பிவிட வேண்டா. ஒரு நாள் ஒதுக்கிக் கழக்கூட்டம் வழியே தும்பாவுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கோயிலைக் கண்டபின் பள்ளித்துறைக்கும் சென்று, புதிய கோயிலின் வாயிலில் வலை பின்னும் முதியவர் எவரேனும் இருந்தால், இரண்டு நிமிடம் அவரோடு பேசுங்கள். நீங்கள் அதிகம் பேச வேண்டா. அவர் சொல்வதைக் கேளுங்கள்.